கடனும் கணக்கும்

(தலைச்சோலையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் கடனைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்விக்கும் கடனுக்கும் உள்ள தொடர்பை நாம் நூல்களில் கற்கவில்லை, வீட்டில் கற்றோம்.

நமது தந்தையார் இச்சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். நமது தமக்கையாரின் திருமணத்திற்கென மேஸ்திரியிடம் 500 ரூபாய் முன்பணம் பெற்றார். மாதந்தோறும் சம்பளத்தில் 20 ரூபாய் பிடித்தனர். எழுத்தறியாத தந்தையார் ஒவ்வொரு பிடித்தத்திற்கும் வீட்டுச் சுவரில் ஒரு கரிக்கோடு இட்டு வந்தார். கோடுகள் 31 ஆகியும் கடன் தீரவில்லை. ஆறாம் வகுப்பில் பயின்ற நம்மை அழைத்துச் சென்று கணக்கைப் படிக்கச் சொன்னார். வரவுப் பக்கத்தில் நான்கே வரிகள் இருந்தன. "எழுத்தில் இல்லாத பணத்திற்கு நான் எங்கே போவேன்?" என்றார் மேஸ்திரி. சுவர்க்கோட்டிற்கு மதிப்பில்லை. அன்று முதல் சம்பள நாள்தோறும் நாம் உடன் சென்றோம். மேஸ்திரி வரவு எழுதும்வரை நின்றோம். நமது பள்ளி நோட்டிலும் எழுதிக்கொண்டோம். மேலும் 21 மாதங்களில் கடன் தீர்ந்தது. 500 ரூபாய்க்கு நமது தந்தையார் செலுத்தியது 1,040 ரூபாய்.

இது ஒரு வீட்டின் கதையன்று. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இம்மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். தென்னிந்தியத் தோட்டங்கள் பெருகியபோது, முன்பணம் கொடுத்தே ஆள் சேர்த்தனர். முன்பணம் பெற்றவர் வேலையை விட்டுச் சென்றால் சிறைக்கு அனுப்ப 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்தது. அச்சட்டத்தை நீக்க 1925-இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பின்னர் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், உழைப்பைப் பிணையாக்கிய கடன் யாவும் தீர்ந்தது என்று அறிவித்தது. சட்டம் விலங்கை அறுத்தது. ஆயினும் கணக்கறியாதவன் காலில் அது வேறு வடிவில் மீண்டும் ஏறும். ஆகவே கடனின் வகைகளை அறிந்துகொள்வோம்.

முதலாவது கைமாற்று. உறவினரும் நண்பரும் வட்டியின்றித் தருவது. இதில் வட்டி இல்லை. ஆனால் நாள் உண்டு. சொன்ன நாளில் தராவிடில் பணமும் போம், உறவும் போம்.

இரண்டாவது அடகு. இதில் நாமே ஒரு தவறு செய்தோம். பி.எட். பயில, நமது தாயாரின் கம்மலை ஓர் அடகுக் கடையில் வைத்தோம். மீட்கும் நாள் ரசீதில் அச்சிட்டிருந்தது. பட்டதாரியாகிய நாம் அதனைப் படிக்கவில்லை. கம்மல் ஏலம் போயிற்று. தாயார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே இன்றளவும் சுடுகின்றது. எழுத்தறிந்தால் போதாது, தாளைப் படிக்கவும் வேண்டும்.

மூன்றாவது தண்டல். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500 கழித்து, கையில் 8,500 தருவர். நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பதினைந்து சதவீதந்தானே" என்று தோன்றும். அன்று! முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் இது நூறு சதவீதத்தையும் தாண்டும். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகிய பெயர்களில் கொள்ளை வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு.

நான்காவது தவணைக் கடன். இங்கே கரும்பலகைக் கணக்கு ஒன்று. 12,000 ரூபாய், ஓராண்டு, வட்டி 12 சதவீதம். முழு அசலுக்கும் ஆண்டு முழுதும் வட்டி போட்டால் 1,440 ரூபாய். மாதம் 1,000 அசலைக் கட்டி, மீதிக்கு மட்டும் வட்டி கொடுத்தால் முதல் மாதம் 120, அடுத்து 110, கடைசி மாதம் 10, ஆக 780. வட்டி வீதம் ஒன்றே. செலுத்துவதோ ஏறக்குறைய இரு மடங்கு. எனவே "வட்டி எவ்வளவு?" என்று கேட்டு நில்லாதீர், "எந்தத் தொகைக்கு வட்டி?" என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது மகளிர் குழுக் கடன். 1989-இல் அண்டை மாவட்டமாகிய தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் பின்னர் சேலத்திற்கும் பரவின. குழுவின் பேரேட்டை எந்த உறுப்பினரும் பார்க்கலாம். மேஸ்திரியின் நோட்டிற்கு இதுவே நேர்மாறு.

ஆறாவது கைப்பேசிக் கடன். அன்று பெருவிரல் மையில் பதிந்தது. இன்று கண்ணாடியில் பதிகின்றது. நமது பிள்ளைகள் படியாமலே சம்மதம் என்று தொடுகின்றனர். ரிசர்வ் வங்கி விதித்துள்ள நெறிகளின்படி, கடன் தருபவர் வங்கியாகவோ பதிவு பெற்ற நிதி நிறுவனமாகவோ இருத்தல் வேண்டும். உங்கள் கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களைச் செயலி எடுத்தல் ஆகாது. ஆண்டுச் செலவு முழுவதையும் முன்னரே காட்டுதல் வேண்டும். அவ்வாறு காட்டாத செயலியைத் தொடாதீர்.

ஜாமீன் பற்றியும் ஒரு சொல். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன் நின்றவர் கடன் வாங்கியவருக்கு இணையாகப் பொறுப்பாளி. நட்புக்காகக் கையெழுத்திடுபவர், அத்தொகையைத் தாமே கட்ட இயலுமா என்று முதலில் எண்ணிப் பார்க்க.

தீர்க்கும் முறைகள் நான்கு. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திடாதீர். கட்டிய தொகையை அதன் பின்புறம் அன்றே வரவு எழுதச் செய்யுங்கள். கடன் தீர்ந்த நாளில் பத்திரத்தைத் திரும்பப் பெறுங்கள்; சொத்துப் பத்திரத்தை வங்கிகள் 30 நாளுக்குள் தருதல் வேண்டும் என்பது 2023-இல் ரிசர்வ் வங்கி இட்ட ஆணை. தவணை தவறும் நிலை வந்தால் ஒளியாதீர். நாள் வருமுன்னரே சென்று சொல்லுங்கள்.

அங்ஙனமாயின் கடனே கூடாதா? அன்று. அண்ணல் அம்பேத்கர் 1920-இல் படிப்பை முடிக்க மீண்டும் இலண்டன் சென்றபோது, தம் சேமிப்போடு, கோலாப்பூர் மன்னரின் உதவியும், நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற கடனும் கொண்டே கப்பலேறினார். மனிதனைக் கட்டிப்போடும் கடனும் உண்டு; கரையேற்றும் கடனும் உண்டு. ஆயினும் படிக்க விரும்புவோர் முதலில் அரசின் உதவித்தொகையைக் கேளுங்கள். அதைத் திருப்பித் தர வேண்டுவதில்லை. பின்னும் குறைந்தால், ஒரு வரம்பு வரை சொத்துப் பிணையின்றி வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை மட்டும் மறவாதீர்.

இளைஞர்களே! நமது தந்தையாரின் சுவரும் கரிக்கோடும் இன்று இல்லை. அவருக்காக நாம் எழுதிய பள்ளி நோட்டு உள்ளது. உங்கள் வீட்டிலும் அத்தகைய நோட்டு ஒன்று இன்றே தொடங்குக. உங்கள் பெற்றோர் எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்னும், நீங்கள் அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். விளங்காத தாளை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் நம்மிடம் கொண்டுவரலாம். உடனமர்ந்து படிக்கக் காத்திருக்கின்றோம்.