அப்பா என்ன வேலை பார்க்கிறார்?

மாமல்லபுரத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "இன்டர்வியூல 'வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ'ன்னு கேட்டாங்க சார். எங்கப்பா சாமி சிலை அடிக்கிறவர். இங்கிலீஷ்ல அதுக்குப் பேர் தெரியாம 'கூலி'ன்னு சொல்லிட்டேன்."

எத்தனை தடவை சொல்றேன்! வேலைக்குப் பேர் தேடாதீங்க. என்ன செய்யறார்னுதானே கேட்கிறாங்க? செய்யறதைச் சொல்லுங்க: "ஹி கார்வ்ஸ் ஸ்டோன் ஸ்டேச்சூஸ்." முடிஞ்சது. அந்த 'ஸ்'ஸை மட்டும் முழுங்கிடாதீங்க. 'ஹி கார்வ்' தப்பு, 'ஹி கார்வ்ஸ்' சரி.

அப்புறம், அது கூலி வேலையாம்மா? 1957-லேயே உங்க ஊர்ல அரசு சிற்பக் கல்லூரி வந்தாச்சு. 2017-ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

ஐந்து ரதம் போற வழியில ஒரு பட்டறையைப் பார்த்தேன். பெரியவர் ஒருத்தர் பிள்ளையார் தும்பிக்கை மடிப்புல சின்ன உளியை வச்சு மெல்லத் தட்டறார், தூசியை ஊதறார், விரலால தடவிப் பார்க்கிறார், மறுபடி தட்டறார். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் பக்கத்துல நின்ன பையனை விசாரிச்சார். "மை ஃபாதர் கார்வ்ஸ் கிரானைட். திஸ் டேக்ஸ் டூ மந்த்ஸ்"னான் பையன், தலை நிமிர்ந்து. வந்தவர் அங்கேயே உட்கார்ந்துட்டார்.

அப்பா மீன் பிடிக்கிறவர்னு கேட்ட கோவளத்துத் தம்பிக்கு: "ஹி கேட்சஸ் ஃபிஷ்." அம்மா அதை விக்கறாங்களா? "ஷி செல்ஸ் ஃபிஷ்."

வடநெம்மேலியில இருந்து ஒருத்தர், 'அப்பா பாம்பு பிடிக்கிறவர், சொல்லக் கூச்சமா இருக்கு'ன்னாங்க. கூச்சம் எதுக்கு? "ஹி கேட்சஸ் ஸ்நேக்ஸ் ஃபார் தெர் வெனம்." அந்த விஷத்தை வச்சுத்தான் பாம்புக்கடிக்கு மருந்தே செய்யறாங்க. 1978-ல தொடங்கின உங்க ஊர் இருளர் கூட்டுறவுச் சங்கம் அந்த விஷத்தை எடுத்துக் கொடுக்குது. வடிவேல் கோபால், மாசி சடையன்னு பாம்பு பிடிக்கிற இருளர் ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீயே கொடுத்தாங்க.

அப்பா இல்லைன்னா என்ன சொல்றதுன்னு ஒரு பிள்ளை கேட்டிருக்கு. "ஹி பாஸ்ட் அவே. மை மதர் ரன்ஸ் த ஃபேமிலி." அது போதும்மா. மேல கேட்டா, விருப்பம் இருந்தா சொல்லு.

இன்னைக்கு ராத்திரியே வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரு வரி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. 'கூலி'ன்னு மட்டும் இனிமே யாரும் சொல்லாதீங்க.