சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை!
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், இந்த விஷயத்தில் நான் காசு கொடுத்துப் பாடம் படித்தவன் என்பதுதான்.

எங்கள் வீட்டில் இணைப்பு ஹாலில் வருகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டம். கடைசிப் படுக்கையறையில் மருமகள் இரவு ஷிப்டு வேலை பார்க்கிறாள். நடுவே இரண்டு கான்கிரீட் சுவர்கள். சிக்னல் போதவில்லை என்று, இரண்டு பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை வாங்கி வைத்தேன். போனில் சிக்னல் கோடு முழுதாக வந்தது. ஆனால் மீட்டிங் நடுவே படம் உறைந்தது. ஒருநாள் மூன்று முறை துண்டித்ததும், "இனி அலுவலகத்துக்கே வந்துவிடுங்கள்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் சென்னை போய் வருவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரிக்கு அது வேலையை விடுவதற்குச் சமம்.

தவறு எங்கே? போனில் தெரியும் கோடு, போனுக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். அந்தப் பெட்டிக்கும் ஹாலில் உள்ள முதல் பெட்டிக்கும் இடையே உள்ள தொடர்பு வேறு. அதற்குப் பெயர் பேக்ஹால். அது காற்று வழியாகவும் போகலாம், கேபிள் வழியாகவும் போகலாம்.

நம் புறநகர் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸும் நம் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் போவதால்தானே வழியில் நிறுத்திவைக்கிறார்கள்? சாதாரண மெஷ் பெட்டியிலும் அதே கதை. போனோடு பேசும் அதே ரேடியோ, முதல் பெட்டியோடும் பேச வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறை காற்றில் போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்றாவது பெட்டியையும் வரிசையில் வைத்தால் இன்னும் குறையும். டிரை-பேண்ட் பெட்டிகளில் இதற்கென்றே தனி ரேடியோ உண்டு. ஆனால் சுவர் அங்கேயேதான் இருக்கும். அதோடு, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். நம் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு ரவுட்டர்! 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் நோஞ்சான்.

இது வீட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அந்தமான் தீவுகள் பல ஆண்டுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. உள்ளூரில் டவர் இருந்தும் நெட் ஆமை வேகம். சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்த பிறகுதான் விடிவு வந்தது. எங்கள் கடைசி அறைதான் எங்கள் வீட்டு அந்தமான்.

டிவி கேபிளுக்காகச் சுவருக்குள் விட்டிருந்த பைப்பில் எலக்ட்ரீஷியனை வைத்து லேன் கேபிள் இழுத்தேன். ஒரு காலைப்பொழுது வேலை. இப்போது அந்த அறையில் 90-க்கு மேல் வருகிறது. முன்பு 20-ஐத் தாண்டாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. செலவு செய்யுமுன் சோதியுங்கள். முதல் பெட்டியில் லேப்டாப்பை லேன் வயரில் மாட்டி வேகம் பாருங்கள். அங்கேயே குறைவு என்றால் இணைப்பு தருபவரிடம் புகார் செய்யுங்கள், மெஷ் உதவாது. இரண்டாவது பெட்டியருகிலும் அதே வேகம் வந்தால் எதுவும் செய்ய வேண்டாம்.

2. கேட் 6 கேபிள், முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, நம்ப முடியாது. 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் தாங்கும்.

3. முனையில் எட்டு வயர்களையும் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். நான்கு மட்டும் போட்டால் 100-க்கு மேல் ஏறாது. பெட்டியில் லேன் போர்ட் இருக்கிறதா, அது ஜிகாபிட்டா என்றும் பாருங்கள்.

4. கரண்ட் வயர் போகும் பைப்பில் இழுக்காதீர்கள். மொட்டை மாடி வழியாகவும் வேண்டாம். இடி மின்னலுக்கு ஆபத்து.

5. வாடகை வீடு, கேபிள் இழுக்க முடியாது என்றால், இரண்டாவது பெட்டியை சிக்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள். பாதி வழியில், பீரோ, ஃபிரிட்ஜ் மறைக்காத உயரத்தில் வையுங்கள்.

6. கரண்ட் போனால் இரண்டு பெட்டிகளுமே இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் பெயிண்ட் வேலை தொடங்குகிறது. பூசிய பிறகு சுவரைத் துளைத்தால் சண்டை வரும். கேபிள் தேவைப்படுகிறவர்கள் இந்த மாதமே பெயர் கொடுங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே எலக்ட்ரீஷியனை அழைத்தால் கூலியும் குறையும். கமிட்டி அனுமதி தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருமகள் இன்னும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள். மேலாளர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.