மாற்றுச் சிறுநீரகமும் மணி தவறாத மாத்திரையும்



நான் ஓய்வு பெற்ற மருந்தாளன். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் விழுங்கும் மாத்திரைகளைப் பற்றிப் பேசும்படி நிர்வாகத்தார் கேட்டார்கள். கோயிலில் எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். விரதத்துக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டு, அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவைப் போன்றவை. அயலார் யார் நுழைந்தாலும் துரத்தும். உடன்பிறந்த அண்ணன் கொடுத்த சிறுநீரகமானாலும் அவற்றுக்கு அது அந்நியந்தான். 1954-இல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றி கண்ட மாற்று அறுவை, ஒரே அச்சான இரட்டையருக்கிடையே நடந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1971-லும், நம் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் 1975-லும் இச்சிகிச்சை தொடங்கியபோது, அசதியோப்ரினும் பிரெட்னிசொலோனுமே கையிலிருந்தன. பின்னர் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சணம் சைக்ளோஸ்போரினைத் தந்தது. ஜப்பானிய மண்ணின் நுண்ணுயிர் ஒன்று டாக்ரோலிமஸைத் தந்தது. ஆண்டவன் எதை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள்!

இவ்விரண்டும் வெள்ளை அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சமிக்ஞையை அடைத்துவிடும். ஜாகா நிற்பான், விசில் ஊதமாட்டான். ஆனால் விசில் ஊதாத இடத்தில் திருடனும் நுழைவான் அல்லவா? காசநோய், நிமோனியா, சிறுநீர்த் தொற்று எல்லாம் எளிதில் பற்றும். இலேசான காய்ச்சலானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தோல் புற்றுநோய்க்கும் இடமுண்டு. பிரெட்னிசொலோன் முகத்தை உப்ப வைக்கும், எலும்பை மெலிய வைக்கும். சைக்ளோஸ்போரினால் ஈறு வீங்கும், ரோமம் வளரும். டாக்ரோலிமஸ் கையை நடுங்க வைக்கும். இனிப்பு நீரையும் வரவழைக்கும். காக்க வந்த மருந்தே அளவு மிஞ்சினால் அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும் என்பதுதான் வேடிக்கை. அதற்காகவே அடிக்கடி இரத்தப் பரிசோதனை.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து இளைஞர், அக்காள் கொடுத்த சிறுநீரகத்தோடு நன்றாக இருந்தார். முகம் உப்பியதைக் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரைகளை நிறுத்தினார். வலியில்லை, காய்ச்சலில்லை. கால் வீங்கியபோது காலம் கடந்துவிட்டது. வாரம் மூன்று நாள் மறுபடி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போனார். அந்த அக்காளின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இம்மாத்திரைகளைப் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கொருமுறை சாப்பிட வேண்டும். சஷ்டியானாலும் தைப்பூசமானாலும் அந்நேரம் மாறக்கூடாது. தண்ணீரும் குடிக்காத விரதம் இவர்களுக்கு ஆகாது. அலகு குத்தும் நேர்த்திக்கடன் வேண்டவே வேண்டாம். வேறு காணிக்கையை முருகன் ஏற்பான். அபிஷேகப் பாலைப் பச்சையாகக் குடிக்காதீர்கள். தம்பூன் பம்பளிமாஸ் நமக்கெல்லாம் பிரியமான பழம். அதுவோ சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியது. ஜாமு, நாட்டு மருந்து எதுவானாலும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மைகோபினோலேட் சாப்பிடும் பெண்கள், பிள்ளை வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

திருவிழா நாட்களில் இரவுப் பூசை நீண்டுவிடும். எட்டு மணி மாத்திரைக்குக் கொதித்தாறிய தண்ணீர் வேண்டுவோர் மடப்பள்ளியில் கேட்டுப் பெறலாம். அவர்களுக்குச் சூடாக முதல் பந்தியிலேயே சோறு பரிமாறவும் பொறுப்பாளர் இசைந்திருக்கிறார்.