பன்னிரண்டு மாதம், பதின்மூன்று ரீசார்ஜ்

(கம்பம்மெட்டில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



பொழுது விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, இந்தக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண் தொழிலாளிக்குச் சிக்கனத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. அரிசியிலும் எண்ணெயிலும் மிச்சம் பிடித்தே அவர் குடும்பம் நடத்துகிறார். அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதே கேள்வி.

கைப்பேசிக் கணக்கைப் பாருங்கள். ரீசார்ஜ் மாதத்திற்கு 28 நாள்களே. எனவே ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை பணம் கட்ட வேண்டியுள்ளது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. ஒரு கைப்பேசிக்கு ஆண்டுக்கு 780 ரூபாய் கூடுதல் சுமை. மூன்று கைப்பேசி உள்ள வீட்டிற்கு 2,340 ரூபாய்.

கேட்டுப் பெற வேண்டிய உரிமைகளும் உண்டு. 30 நாள் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது. இணையம் தேவைப்படாதோருக்கு, பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் வேண்டும் என 2024 டிசம்பரில் விதித்தது. ரீசார்ஜ் கடையில் இவற்றைக் கேளுங்கள்.

ஆயினும் கட்டணத்திற்கு உண்மையான கடிவாளம் பொதுத்துறையே. மூவரும் உயர்த்தியபோது பிஎஸ்என்எல் உயர்த்தவில்லை. ஆனால் அதன் நாடு தழுவிய 4ஜி சேவை 2025 செப்டம்பரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது; ஜியோவும் ஏர்டெல்லும் 2022லேயே 5ஜிக்குச் சென்றுவிட்டன.

அரிசிக்கு ரேஷன் கடை இருப்பதுபோல் கைப்பேசிக்கும் ஒரு பொதுக்கடை வேண்டும். அது பிஎஸ்என்எல். அதைக் காக்கும் போராட்டமும் தொழிலாளி வீட்டுச் சிக்கனத்தின் பகுதியே.