மின்சாரத்தில் வளரும் நுண்குழல்கள்



குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, ஒடிசாவின் சத்திரப்பூர் ஆகிய ஊர்களின் கடற்கரையில் நடந்தவர்கள், அங்குள்ள மணலில் கருமை படர்ந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தக் கருமைக்கு இல்மனைட் என்னும் கனிமம் ஒரு முக்கிய காரணம். அதில் இரும்புடன் டைட்டானியம் என்ற உலோகமும் கூடியிருக்கிறது. 1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் இத்தகைய கருமணலை ஆராய்ந்தபோதுதான் இத்தனிமம் உலகிற்கு முதலில் தெரியவந்தது. இந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தைக்கொண்டு கண்ணுக்குப் புலப்படாத குழல்களை வளர்க்கும் விந்தையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முறை எளியது. டைட்டானியத் தகடொன்றை அசிட்டோனிலும் ஆல்கஹாலிலும் நன்கு கழுவி, மின்கலத்தின் நேர்முனையோடு இணைக்கிறார்கள். எதிர்முனையில் பிளாட்டினம் இருக்கும். எதிலீன் கிளைக்கால் என்னும் பாகு போன்ற திரவத்தில் சிறிதளவு அம்மோனியம் புளோரைடும், நூற்றுக்கு இரண்டு பங்களவில் தண்ணீரும் சேர்த்து, இரு முனைகளையும் அதில் அமிழ்த்துகிறார்கள். புளோரைடுக் கரைசல் கண்ணாடியை அரிக்கக்கூடியது. ஆதலால் பாத்திரம் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருத்தல் வேண்டும். பிறகு 60 வோல்ட் அளவில் நேர்மின்சாரத்தைச் சில மணி நேரம் செலுத்துகிறார்கள்.

அப்போது உள்ளே நடப்பது என்ன? நேர்முனையில் உலோகம் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்து, டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற மெல்லிய படலமாக மாறுகிறது. எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புகின்றன. புளோரைடு இல்லாவிடில் படலம் ஓரளவு தடித்து, மின்னோட்டத்தைத் தடுத்து, அதோடு நின்றுவிடும். புளோரைடோ அப்படலத்தை ஆங்காங்கே கரைத்துச் சிறு குழிகளை உண்டாக்குகிறது. குழியின் அடியில் படலம் மெல்லியதாகையால் அங்கே மின்புலம் வலுக்கிறது. ஆகவே ஆக்ஸைடு தோன்றுவதும் கரைவதும் அங்கேதான் விரைவாக நிகழ்கின்றன; குழி மேலும் ஆழமாகிறது. குழிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் புளோரைடு மிகுந்து, அப்பகுதி தண்ணீரில் கரைந்துவிடுவதால், அவை தனித்தனிக் குழல்களாகப் பிரிந்து நிற்கின்றன. பொதுவாகக் கூறப்படும் விளக்கம் இதுவே. ஆக்குவதும் அழிப்பதும் சமநிலையில் நடந்தாலன்றிக் குழல் வளராது.

மின்னோட்டமானியின் முள்ளே இவ்வளர்ச்சியை நமக்குக் காட்டிவிடும். படலம் தோன்றும்போது முள் சரசரவென்று இறங்கும். குழிகள் பிறக்கையில் சற்று ஏறும். குழல்கள் சீராக வளரத் தொடங்கியதும் ஏறக்குறைய நிலைத்து நிற்கும். குழலின் விட்டத்தைப் பெரும்பாலும் வோல்ட் அளவு நிர்ணயிக்கிறது. ஒரு குழல் சுமார் நூறு நானோமீட்டர் அகலமே இருக்கும். நம் தலைமயிரின் தடிப்பு இதைவிடப் பல நூறு மடங்கு பெரியது.

1999-இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் புளோரைடு கலந்த அமிலத்தில் இத்தகைய நுண்துளை அமைப்பை வளர்த்துக் காட்டினர். 2001-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒழுங்கான குழல் வரிசைகளை உண்டாக்கினர். ஆனால் அவற்றின் உயரம் அரை மைக்ரானைத் தாண்டவில்லை. அடியில் வளரும் வேகத்திலேயே மேல்வாயை அமிலம் அரித்துவந்ததுதான் காரணம். தண்ணீரைக் குறைத்துக் கிளைக்கால் போன்ற திரவங்களைப் பயன்படுத்தியபோது அந்த அரிப்பு தணிந்தது. 2007-இல் குழலின் உயரம் ஆயிரம் மைக்ரானை, அதாவது ஒரு மில்லிமீட்டரை எட்டியது.

இவ்வாறு வளர்ந்த குழல்களின் உள்ளே அணுக்கள் ஒழுங்கின்றி இருக்கும். சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூடேற்றினால் அவை அனட்டேஸ் என்ற படிக வடிவம் பெறுகின்றன. அதன் பின்னரே அவற்றால் முழுப்பயன் உண்டு.

பயன் யாது என்று கேட்பீர்கள். 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமா, ஹோண்டா இருவரும், டைட்டானியம் டை ஆக்ஸைடின் மேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிக்க முடியும் என்று வெளியிட்டார்கள். ஹைட்ரஜன் எரிந்தால் கரிப்புகை இல்லை, மிஞ்சுவது தண்ணீரே. குழல் வடிவம் இதற்கு ஏற்றது. ஒளி குழலின் நீளம் முழுவதும் உட்கவரப்படுகிறது. ஒளியால் விடுபட்ட எலெக்ட்ரான் குழலின் வழியே அடியிலுள்ள உலோகத்தை அடைய முடிகிறது.

ஆயினும் குறையை மறைத்தல் தகாது. இப்பொருள் புறஊதாக் கதிர்களை மட்டுமே ஏற்கிறது. அவை சூரிய ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஏற்கும்படி இதனைத் திருத்துவதே ஆராய்ச்சியாளர்களின் இன்றைய முயற்சி.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். கருவிகள் எளியவையாயிற்றே என்று இளைஞர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க முனையலாகாது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலை ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும்; வலி பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். கையுறையும், காற்றோட்டமுள்ள அறையும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், அனுபவமுள்ள ஆசிரியரும் இருக்கும் சோதனைச்சாலையே இதற்குரிய இடம்.

உங்கள் பிள்ளைகள் எந்த மாநிலத்துக் கல்லூரியில் பயின்றாலும், இத்தகைய ஆராய்ச்சிக்கு வேண்டிய முதற்கருவிகள் பெருஞ்செலவுடையவை அல்ல. நம் கடற்கரைகளில் கிடக்கும் மணலுக்குள் இருக்கும் பொருள், சூரிய ஒளியிலிருந்து எரிபொருள் தரும் நாள் வருமாயின், அதற்கு உழைத்தவர்களுள் அவர்களும் ஒருவராக இருக்கட்டும்.