சர்க்கரை வியாதியும் சூரண வியாபாரமும்



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம், சர்க்கரை வியாதியைப் போக்கும், பசியை அடக்கும் என்று விற்கப்படும் மூலிகைச் சூரணங்களைப் பற்றியதாகும். இதைப் பேச வருகிறவனை இரண்டு கூட்டத்தார் முறைத்துப் பார்ப்பார்கள். "சித்தரும் ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டதைக் குறை சொல்லலாமா?" என்று ஒரு கூட்டம் கேட்கும். "இலையாவது, தழையாவது, எல்லாம் புரட்டு" என்று மற்றொரு கூட்டம் சொல்லிவிடும். பரீட்சை செய்து பார்க்க மாத்திரம் இருவருமே தயாராயில்லை.

செடிக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அதிலுள்ள குவானிடின் வகைச் சத்து இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் விஷமும் கூட. அந்த வகையைச் சேர்ந்த மெட்பார்மின் என்ற பொருளை 1922-இல் டப்ளினில் செய்தார்கள். 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். இன்று உங்களில் பலர் தின்னும் மாத்திரை அதுதான். நல்லதை வைத்துக்கொண்டு, விஷத்தை விலக்கி, அளவு கண்டதனால் அது மருந்தாயிற்றேயொழிய, பழைய செடி என்பதனால் அல்ல.

நிற்க, சிறுகுறிஞ்சானுக்கு வருவோம். அதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போல் இருக்கும். சூரணம் விற்கிறவன் இதைச் செய்து காட்டி, "நாக்கிலேயே சர்க்கரையைக் கொன்று விட்டதே, இரத்தத்தில் விட்டு வைக்குமா?" என்கிறான். தோழர்களே! சர்க்கரை சாகவில்லை. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைச் சிறிது நேரம் மறித்துக் கொள்ளுகிறது, அவ்வளவுதான். நாம் கண்ணை மூடிக்கொண்டால் கடன்காரன் போய் விடுவானா? விழுங்கின சர்க்கரை வயிற்றுக்குள் போகத்தான் போகிறது. இனிப்பின்மேல் உள்ள ஆசை சற்றுக் குறையலாம், அது உபயோகமே. ஆனால் இன்சுலினுக்குப் பதில் இது என்பது பித்தலாட்டம்.

வெந்தயத்தின் வழவழப்பான நார், உண்ட சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் நார் வேலை செய்யப் பல கிராம் வேண்டும். அரைக் கிராம் கூட்டுக்குள் அடைத்து விற்பதை வாங்குவானேன்? மளிகைக் கடையில் வெந்தயம் இல்லையா?

பசி விஷயமும் இப்படியே. இரைப்பையில் சுரக்கும் க்ரெலின் பசியைக் கிளப்புகிறது. உணவு இறங்கியதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1, போதும் என்று மூளைக்குச் சொல்லி, இன்சுலினையும் தூண்டுகிறது. இது இரத்தத்தில் இரண்டொரு நிமிஷத்தில் சிதைந்துவிடும். ஆதலால் எளிதில் சிதையாதபடி மாற்றி, வாரம் ஒரு தடவை போடும் ஊசி செய்திருக்கிறார்கள். அந்த ஊசிக்குப் பேர் வந்ததும், மரமஞ்சள் சத்தை "இயற்கை ஊசி" என்று விற்க ஒரு கூட்டம் கிளம்பி விட்டது! அது வேலை செய்யும் வழியும் வேறு, பலனின் அளவும் வேறு.

மீன் குழம்பில் போடும் குடம்புளியும் உடம்பை இளைக்க வைக்கும் என்று மாத்திரையாயிற்று. 1998-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியான பரீட்சையைப் பாருங்கள். 135 பேர், 12 வாரம். ஒரு சாராருக்குப் புளிச்சத்து; மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. எது யாருக்கென்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே பத்தியம். புளி தின்றவர்கள் சராசரி 3.2 கிலோ இளைத்தார்கள். வெறும் மாத்திரை தின்றவர்களோ 4.1 கிலோ இளைத்தார்கள்!

இதில் பணம் மட்டும் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கணையத்தில் இன்சுலின் சுரக்காத குழந்தைகள் இருக்கிறார்கள். இன்சுலின் வருமுன் இவர்கள் பிழைத்ததில்லை. 1922 ஜனவரியில் டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த ஊசி முதன்முதல் போடப்பட்டது; சாகக் கிடந்தவன் மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். இப்படிப்பட்ட குழந்தைக்கு "ஊசியை நிறுத்து, சூரணம் கொடு" என்று சொல்லுகிறவனை என்னவென்று அழைப்பது? நிறுத்தினால் சில நாட்களில் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போய்விடும். சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. விளம்பரம் நின்றதா?

சூரணம் தின்றே தீருவேன் என்கிறவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். மாத்திரையோடு அதுவும் சேர்ந்து சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிட்டால், வேர்த்து நடுங்கி மயக்கம் வரும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. என்ற இரத்தப் பரீட்சையை முதலில் எடுங்கள். மாத்திரையையும் சோற்றையும் மாற்றாமல், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். அந்த இரண்டு சீட்டையும் சூரணம் விற்றவனிடம் கொண்டுபோய்க் காட்டி, இறங்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.