சரளைப் பாதையும் பாடல் வழியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீரோடும் ஆறு என்றும், மாந்தர் நடக்கும் வழி என்றும் இரு பொருள் உண்டு என்பது இவ்வவை நன்கறிந்ததே. வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கிக் கொண்ட மொழி தமிழ். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், அங்கே யார் வாழ்கின்றனர், எந்த வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் எதிர்ப்படும் கலைஞனுக்கு எடுத்துரைக்கும் அப்பாட்டுகளில், பாதையோரம் வாழ்பவரும் பாதையின் பகுதியாகவே விளங்குகின்றனர். பாதையை யார் அமைத்தனர், யார் காக்கின்றனர், யார் அதில் செல்லலாம் என்ற வினாக்கள் கவிதைக்குப் புறம்பானவை அல்ல என்பதற்கு அவ்விலக்கிய வகையே சான்று.

அந்த ஆற்றுப்படைக் கண்ணோடு, தமிழ் நிலத்திற்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு நாட்டின் பாதைகளைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம். நாடு பின்லாந்து. பாதை, அந்நாட்டின் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் ஊடே செல்லும் சரளைப் பாதை. அதில் செல்வோர் மிதிவண்டிப் பயணிகள்.

நிலமும் பொழுதும்

பின்லாந்தில் ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் உள்ளன. ஐந்நூறு சதுர மீட்டருக்குக் குறையாத நீர்நிலைகளையெல்லாம் சேர்த்து எண்ணிய கணக்கு இது. நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு. ஏரிகளுள் பெரியது தென்கிழக்கிலுள்ள சைமா. அதன் பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். தீவுகளோ பதின்மூன்றாயிரத்திற்கும் மேல். கரையின் நீளம் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். ஒரு கரையில் நின்று மறுகரை நோக்கும் ஏரியன்று அது. நீர் காட்டினுள் நுழைந்து கிளை பிரிகிறது; காடு நீரினுள் நீண்டு தீவாகிறது. மிதிவண்டியில் செல்பவர் வலப்புறம் கண்ட ஏரி, பைன் மரங்களுக்குப் பின் மறைந்து, சிறிது தொலைவில் இடப்புறம் தோன்றும். அது அதே ஏரியா, வேறோர் ஏரியா என்பதை நிலப்படத்தைப் பார்த்தே தெளிய முடியும்.

இந்நிலத்தின் அமைப்பைத் தீர்மானித்தது பனி. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கு நோக்கிப் பின்வாங்கிக் கொண்டிருந்த பெரும் பனிப்பாளம் தென் பின்லாந்தில் நெடுங்காலம் தங்கியது. அதன் விளிம்பில் குவிந்த மணலும் கல்லும் சல்பௌசெல்கா என்னும் நீண்ட கரைகளாயின. அக்கரைகளுக்கு வடக்கே தேங்கிய நீரே ஏரி நாடு. பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல உயர்ந்தது. கடலோடு இருந்த தொடர்பு அறுந்தது. அப்போது உள்ளே சிக்கிக்கொண்ட கடல்நாயின் வழித்தோன்றல்கள் இன்றும் சைமாவின் நன்னீரில் வாழ்கின்றன. 1980களில் இருநூறுக்கும் குறைவாக இருந்த அவ்வினம் 2020களில் நானூறைக் கடந்திருக்கிறது.

பனிப்பாளத்தின் அடியிலும் ஆறுகள் ஓடின. பனி உருகி முடிந்தபின், அவ்வாறுகள் சுமந்து வந்த மணலும் சரளையும் நீண்ட, குறுகிய முகடுகளாக எஞ்சின. ‘ஹர்யு’ என்பது அம்முகடுகளுக்குப் பின்லாந்து மொழி தந்த பெயர். புங்கஹர்யு என்னும் முகடு ஏழு கிலோமீட்டர் நீளமுடையது. இருபுறமும் ஏரி, நடுவே பைன் மரங்கள், மரங்களிடையே பாதை. சதுப்பும் நீரும் மிகுந்த நாட்டில் கால் புதையாத இடம் முகடுகளே. ஆதலின் பழைய பாதைகள் பல அவற்றின் மீதே சென்றன. பிற்காலத்தில் பாதைக்கு வேண்டிய சரளையையும் இம்முகடுகளிலேயே தோண்டி எடுத்தனர். வண்டியின் சக்கரம் அரைப்பது பனி ஒருமுறை அரைத்து உருட்டிய கல்லையே.

இனிப் பொழுது. சைமாப் பகுதியில் ஜூன் மாதத்து இரவு முழுதும் இருள்வதில்லை. சூரியன் பதினொரு மணியை ஒட்டி மறைந்தாலும் வானில் வெளிச்சம் எஞ்சியிருக்கும். அப்போது ஏரியிலிருந்து எழும் நீர்ப்பறவையின் நெடுங்குரல் கரை முழுதும் கேட்கும். ஆகஸ்டில் காட்டின் தரையெங்கும் நீலப் பழங்கள். செப்டம்பரில் பூர்ச்ச மரங்களின் இலை பொன்னிறமாகும். பின்னர்ப் பனி. அப்பனி நீங்கும் வசந்தமே பாதைக்குப் பகை. மண்ணில் உறைந்த நீர் மேலிருந்து உருகத் தொடங்கும், கீழே நிலம் இன்னும் உறைந்திருப்பதால் உருகிய நீர் இறங்க வழியின்றித் தேங்கும், பாதை குழம்பாகும். ‘கெலிரிக்கோ’ என்று அப்பருவத்திற்கே ஒரு பெயர் உண்டு. பாதையின் நிலையைக் கொண்டு பருவத்திற்குப் பெயரிட்ட மக்கள், பாதையோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருப்பர் என்பது எண்ணத்தக்கது.

சரளையும் சக்கரமும்

சரளைப் பாதைக்கெனத் தனி மிதிவண்டி வந்தது அண்மையில்தான். பந்தய வண்டியைப் போல வளைந்த கைப்பிடி. அதனினும் அகன்ற, நாற்பது மில்லிமீட்டரை ஒட்டிய டயர். ஏற்றத்திற்கேற்ற இலகுவான கியர். நனைந்தாலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் ஊரில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இவ்வகை ஓட்டத்திற்குப் பெரும் பெயர் தந்தது. முதல் உலகப் போட்டி 2022இல் இத்தாலியில் நடைபெற்றது. ஆனால் பின்லாந்தின் சிற்றூரில் இது புதுமையன்று. தார்ச்சாலை வருமுன்னரே அங்கே அஞ்சற்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் சரளையில்தான் மிதிவண்டி ஓட்டினர்.

தார்ச்சாலையில் செல்பவர் முன்னே நோக்குவார். சரளையில் செல்பவர் தரையையும் நோக்கியாக வேண்டும். பாதையின் நடு சற்றே மேடு. மழைநீர் இருபுறமும் வடிய வேண்டும் என்பதற்காக அவ்வாறு அமைக்கின்றனர். சக்கரங்கள் ஓடி ஓடி இறுகிய இரு தடங்கள் வண்டிக்கு உகந்தவை. ஓரத்தில் ஒதுங்கிய தளர்ந்த கல் சக்கரத்தை இழுத்துவிடும். புதுக்கல் கொட்டிய இடத்தில் ஒலி மாறும். ஒலி மாறியதும் கை பிடியைத் தளர்த்தும். ஈரமண், மணல், கல், பைன் ஊசியிலை ஆகிய ஒவ்வொன்றும் டயரின் வழியே வெவ்வேறாகத் தெரியும். நிலத்தின் வேறுபாடுகளை உடல் இவ்வாறு கற்றுக்கொள்கிறது.

விரைந்து செல்லும் வாகனங்கள் சரளையில் குறுக்கு அலைகளை உண்டாக்கும். ஒரு சிறு மேட்டில் துள்ளும் சக்கரம் விழுமிடத்தில் கல்லைத் தள்ளிப் பள்ளம் செய்யும். அடுத்து வரும் சக்கரம் அதை ஆழமாக்கும். இவ்வாறே அலை வளரும். இவ்வலைகளுக்குப் பின்லாந்து மக்கள் இட்ட பெயர் ‘ஊர் அதிகாரியின் சுருள்முடி’ என்னும் பொருளுடையது. சாலைகள் செம்மையாக உள்ளனவா என்று பார்வையிடுவது அக்காலத்து அதிகாரியின் கடமை. பாதை கெட்டால் அவர் தலையில் சூட்டிச் சிரித்த கிராமத்தின் அங்கதம் அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது.

பாதை நீரில் முடியுமிடத்தில் மஞ்சள் நிறப் படகு காத்திருக்கும். கம்பிவடத்தைப் பற்றிக் கரைக்குக் கரை செல்லும் அப்படகு சாலையின் பகுதியாகவே கருதப்படுவதால் அதற்குக் கட்டணம் இல்லை. பாதையோரத்தில் ஆங்காங்கே இடுப்பளவு உயரத்தில் மரமேடை ஒன்று தென்படும். பால்வண்டி வருமுன் பண்ணை வீட்டார் பால் நிறைத்த கலங்களை வைத்த மேடை அது. மாலையில் ஊர் இளைஞர் கூடிப் பேசிய இடமும் அதுவே. பாலைக் குழாய் வைத்து உறிஞ்சிச் செல்லும் லாரி பண்ணை வாயிலுக்கே வரத் தொடங்கியபின் மேடைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. எஞ்சியவை பாசி படர்ந்து நிற்கின்றன.

பாதையைக் காப்பவர்

பின்லாந்தில் அரசு காக்கும் சாலைகள் ஏறத்தாழ 78,000 கிலோமீட்டர். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு சரளை. அதற்கு வெளியே தனியார் பாதைகளும் காட்டுப் பாதைகளுமாக மூன்றரை இலட்சம் கிலோமீட்டர் அளவில் உள்ளன. மிதிவண்டிப் பயணி பெரிதும் விரும்புவது இந்த இரண்டாம் வகையையே.

முற்காலத்தில் பொதுச்சாலையைக் காப்பதும் பண்ணையாரின் பொறுப்பாக இருந்தது. இன்னார் இந்த அளவு தூரத்தைச் செப்பனிட வேண்டும் என்று பங்கிட்டிருந்தனர். 1921 முதல் அச்சுமை அரசுக்குச் சென்றது. ஆயினும் தனியார் பாதைகளில் பழைய முறையின் சாயல் தொடர்கிறது. பாதையோரத்து நிலவுடைமையாளர் சேர்ந்த குழுவே அதன் காப்பாளர். யார் எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்பதற்கேற்பப் பணம் செலுத்துவர்; சரளை வாங்குவர்; நடுமேட்டைச் சீர்செய்வர்; வடிகாலைத் தூர்வாருவர்.

அப்பாதையில் எவரும் நடக்கலாம், மிதிவண்டியில் செல்லலாம். ‘எவருக்குமான உரிமை’ என்று வழங்கப்படும் நெடுநாளைய மரபு அதற்கு இடம் தருகிறது. பிறர் காட்டில் நடக்கவும், பழமும் காளானும் பறிக்கவும், ஓரிரவு கூடாரம் அடிக்கவும் எவர் இசைவும் வேண்டா. வீட்டு முற்றத்தில் நுழைதல், விளைநிலத்தை மிதித்தல், மரம் வெட்டுதல், நில உரிமையாளரின் இசைவின்றித் தீ மூட்டுதல் ஆகியன கூடா. பந்தயம் போலப் பெருமளவில் பாதையைப் பயன்படுத்துவோர் பாதைக் குழுவின் இசைவைப் பெறவேண்டும். தனி வழிப்போக்கரிடம் கேட்பது ஒன்றே: பிறருக்குக் கேடு செய்யாமல் செல்க.

இங்கே இரு முரண்கள் எழுகின்றன. கவிதை எழுதுவோர் கருத வேண்டியவையும் அவையே.

முதலாவது, காட்டுப் பாதைகளுள் பெரும்பாலானவை மரம் வெட்டிக் கொண்டு செல்வதற்காகவே அமைந்தவை. மனிதக் கை படாத காடு என்று பயணி வியந்து நோக்கும் மரவரிசை, பலவிடத்தும் ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் வெட்டக் காத்திருக்கும் பயிர். சில வளைவுகளுக்குப் பின் அடிக்கட்டைகள் மட்டும் நிற்கும் வெட்டவெளி வரும். 1960களிலும் 1970களிலும் மரம் வளர்ப்பதற்காகச் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டினர். நாட்டின் சதுப்பில் பாதிக்கு மேல் இவ்வாறு வடிக்கப்பட்டது. அந்நீர் மண்ணின் கறையோடு ஏரியை அடைந்தது. காட்டை அழகாகக் காட்டும் பாதையே காட்டை வெட்டும் பாதையும் ஆகிறது. இதனைக் காணாத இயற்கைக் கவிதை பாதி கண்ணை மூடிக்கொண்ட கவிதை.

இரண்டாவது, பாதையைக் காப்போர் குறைந்து வருகின்றனர். 1960களின் இறுதியிலிருந்து ஏரி நாட்டுச் சிற்றூர்களின் இளையோர் தெற்கு நகரங்களுக்கும் சுவீடனுக்கும் சென்றனர். பள்ளிகள் மூடின, கடைகள் மூடின. பல பாதைகளில் ஆண்டு முழுதும் வாழும் வீடு ஒன்றோ இரண்டோதான். கோடை வீட்டுக்காரர் சில வாரங்கள் வருவர். குளிர்காலம் மிதமாகுந்தோறும் உறைதலும் உருகுதலும் மாறி மாறி வந்து, பாதை முன்னினும் அடிக்கடி குழைகிறது. வேலை கூடுகிறது, கைகள் குறைகின்றன. உரிமை அனைவர்க்கும் உண்டு, உழைப்போ சிலருடையது. சிலர் கைவிட்டால் அனைவர்க்கும் உள்ள உரிமை ஏட்டில் நிற்கும்; பாதை புதராகும்.

பாடல் வந்த பாதை

இவ்வழிகளில் கவிதையும் நடந்திருக்கிறது. 1828ஆம் ஆண்டு எலியாஸ் லொண்ரொத் என்னும் இளைஞர் உழவர் உடையில் கால்நடையாகக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். புங்கஹர்யுவுக்கு வடகிழக்கே உள்ள கெசலஹ்தியில் யுஹனா கைனுலைனென் என்னும் குடியானவப் பாடகரைக் கண்டு, அவர் பாடிய வேட்டைப் பாடல்களையும் மந்திரப் பாடல்களையும் எழுதிக்கொண்டார். பின்னர் மருத்துவராகப் பணியாற்றிய காலத்திலும் நடந்தும், படகிலும், பனிச்சறுக்குக் கட்டைகளிலும் பலமுறை பயணம் செய்தார். 1834இல் எல்லைக்கு அப்பால் லத்வயர்வியில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்னும் முதிய பாடகரைச் சந்தித்தார். 1835இல் கலேவலா வெளிவந்தது. 1849இல் ஐம்பது பாடல்களும் 22,795 அடிகளுமாக விரிந்தது. நெடுங்காலம் சுவீடிய மொழியின் நிழலில் இருந்த ஒரு மக்களின் மொழி, தன் காப்பியத்தை இவ்வாறு பாதையோரத்து வீடுகளிலிருந்து பெற்றது.

அக்காப்பியம் தமிழுக்கும் வந்துள்ளது. ‘உதயணன்’ என்ற பெயரில் எழுதிய ஆர். சிவலிங்கம் பின்லாந்திலேயே வாழ்ந்து அதனைத் தமிழாக்கினார்; அது 1994இல் நூலாயிற்று. சிந்துவெளி எழுத்தாய்வால் தமிழுலகம் நன்கறிந்த அஸ்கோ பர்ப்போலா அம்முயற்சிக்குத் துணைநின்றார். பைனும் பூர்ச்சமும் உறைபனியும் தமிழ்ச் செய்யுள் நடைக்குள் வந்து சேர்ந்த அப்பணி தமிழ்க் கவிஞர் மீண்டும் எடுத்துப் பார்க்கத் தக்கது.

லொண்ரொத் பாடலைப் பெற்றது, நடந்து வந்தவனுக்குக் கதவு திறந்த வீடுகளில். கதவு திறக்க வீட்டில் ஆள் வேண்டும். வீட்டை அடையப் பாதை வேண்டும். ஆற்றுப்படை பாடிய புலவர் அறிந்திருந்ததும் இதுவே. ஆதலின்தான் அவர்கள் வள்ளலை மட்டும் பாடாமல் வழியில் உணவிட்ட எளியோரையும் பாடினர்.

இன்று சைமாக் கரையில் மிதிவண்டி ஓட்டிச் செல்பவர் நல்ல பாதை என்று மகிழ்வார். அது நல்ல பாதையாக இருப்பதற்கு, எங்கோ ஒரு வீட்டின் மேசையைச் சுற்றி நாலைந்து முதியவர் அமர்ந்து, இவ்வாண்டு எத்தனை லாரி சரளை வாங்குவது, பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஏரியையும் காட்டையும் பாடும் கவிதையில் அந்த மேசைக்கும் ஓரடி இடம் இருக்கட்டும். அவர்களுக்குப் பின் அங்கே யார் அமர்வர் என்னும் வினாவும் அவ்வடியில் இருக்கட்டும்.